ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாக் வி3: கிரகண நாளில் அயனி மண்டலத்தைக் கேட்க இந்த டாங்கிள் போதுமா?

அயனி மண்டலத்தின் கீழடுக்கான டி அடுக்குக்குப் போதும். சிற்றலைகளைத் திருப்பி அனுப்பும் மேலடுக்கான எஃப்2-வுக்கு, உள்ளிருக்கும் கடிகாரத்தைச் சரிக்கட்டாத வரை, போதவே போதாது. யூஎஸ்பியில் செருகிக் கணினியை வானொலியாக்கும் இந்தச் சின்ன அலுமினியப் பெட்டியைச் சூரிய கிரகணப் பதிவுக்காக வாங்க நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சிற்றலையிலும் மத்திய அலையிலும் வி3 'டைரக்ட் சாம்ப்ளிங்' முறையில் இயங்குகிறது. ஆன்டெனாவில் வரும் சிக்னல் ட்யூனரைத் தொடாமல் நேராக, அதை எண்களாக்கும் 8 பிட் மாற்றிக்குப் போகும். மென்பொருளில் க்யூ பிராஞ்சை (மாற்றியின் இரண்டு உள்ளீடுகளில் ஒன்று) தேர்ந்தெடுக்க மறந்தால் வெறும் இரைச்சல்தான் கேட்கும். இந்த முறையில் கெயினை (சிக்னல் பெருக்கத்தை) கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. பக்கத்தில் பலமான மத்திய அலை நிலையம் இருந்தால் 8 பிட்டும் அதிலேயே நிரம்பிவிடும். மெலிந்த சிற்றலைக் கேரியர் (நிலையம் அனுப்பும் அடிப்படை அலை) மூழ்கிப்போகும். 2.6 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரைப் போட்டால் இது தீரும். ஆனால் அதைப் போட்டதும் டி அடுக்கின் மிகத் தெளிவான காட்சி கண்ணை விட்டுப் போய்விடும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு டாங்கிள்கள்தான் வழி.

அந்தக் காட்சி இதுதான். 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் டி அடுக்கு, முக்கியமாகச் சூரியனின் 121.6 நானோமீட்டர் லைமன்-ஆல்ஃபா கதிரால் உருவாவது. பகலில் தொலைதூர மத்திய அலை நிலையங்களை விழுங்குவது இதுவே. அங்கே காற்று அடர்த்தி அதிகம் என்பதால் கதிர் குறைந்ததும் எலக்ட்ரான்கள் சீக்கிரம் அயனிகளோடு சேர்ந்துவிடும். கிரகண உச்சத்தை ஒட்டிய சில நிமிடங்களில், இரவில் மட்டும் கேட்கும் நிலையங்கள் மேலெழுந்து வந்து மறுபடி அமுங்கும். இங்கே அளப்பது சிக்னலின் பலத்தை மட்டுமே. கடிகாரப் பிழை குறுக்கே வராது. ஆர்டிஎல் ஏஜிசி, ஆடியோ ஏஜிசி என்ற தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடுகள் இரண்டையும் அணைத்திருக்க வேண்டும். ஒன்றை விட்டுவைத்தாலும் அது ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்து பதிவையே பாழாக்கும்.

எஃப்2-வின் கதை வேறு. அங்கே கேட்க வேண்டியது அதிர்வெண்ணின் நகர்வை. கிரகணம் வளரும்போது அலை திரும்பும் உயரம் கூடும், பாதை நீளும், வந்துசேரும் கேரியர் சற்றுக் கீழிறங்கும். ஒளி திரும்பும்போது எதிர்த்திசையில் ஏறும். 10 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 30 மீட்டர்; பாதை வினாடிக்கு 30 மீட்டர் நீண்டால்தான் 1 ஹெர்ட்ஸ் குறையும். கிரகணத்தில் எதிர்பார்க்க வேண்டியது அந்த அளவு அல்லது அதற்கும் கீழே. வி3-யின் டிசிஎக்ஸ்ஓ (வெப்ப மாற்றத்தை ஈடுசெய்யும் படிகக் கடிகாரம்) 1 பிபிஎம் தரத்தது, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை. 10 மெகாஹெர்ட்ஸில் அது 10 ஹெர்ட்ஸ்.

மாறாத பிழை என்றால் கழித்துவிடலாம். கெடுப்பது மெல்ல நகரும் பிழை. கிரகணத்தின்போது காற்றும் குளிர்கிறது, பின் சூடாகிறது. டாங்கிளின் அலுமினிய உறையே அதன் வெப்பத்தை வெளியேற்றும் பாகம் என்பதால் வெளிச்சூடு நேராகப் படிகத்தைப் பாதிக்கும். ஆக, திறந்தவெளியில் வைத்த டாங்கிள், அயனி மண்டலம் வரைய வேண்டிய அதே வளைவை, ஏறக்குறைய அதே நேரத்தில், தானே வரைந்துவிடும். ஆர்வலர்களின் பதிவுகளில் மிக எளிதாக ஏமாற்றக்கூடிய பிழை இது. டாங்கிளைக் கட்டடத்துக்குள், தடித்த பெட்டியில் வைத்து, குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே ஓடவிடுங்கள். இதனால் பிழை சிறுத்துவிடும், ஒழியாது.

ஒழிக்க இரண்டு வழிகள். ஒன்று, போர்டில் இருக்கும் கடிகாரத் தேர்வு இடத்தில் ஜீரோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 1.27 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள 4 பின் ஹெடரைப் பற்றவைத்து, ஜிபிஎஸ்டிஓவிலிருந்து (ஜிபிஎஸ் நேரத்தோடு பூட்டிய துல்லியக் கடிகாரம்) 28.8 மெகாஹெர்ட்ஸ் கொடுப்பது. மின்னழுத்தத்தைத் தக்கபடி குறைத்தே கொடுக்க வேண்டும். பற்றவைப்பில் கை தேர்ந்தவர்களுக்கு இதுவே சிறந்தது. மற்றவர்களுக்கு இரண்டாவது வழி: ஜிபிஎஸ்டிஓவை 10.0008 மெகாஹெர்ட்ஸில் வைத்து, நன்றாக மெலியச்செய்து, வெளியீட்டில் ஒரு சிறு கம்பியை இணைத்து ஆன்டெனா கேபிளின் அருகே விட்டுவைப்பது. 10 மெகாஹெர்ட்ஸில் கேட்கும் நிலையத்தின் கேரியரும் கம்பி வீசும் இந்தக் குறியும் ஒரே கடிகாரப் பிழையில் சேர்ந்தே நகரும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது வானத்தின் நகர்வு. 800 ஹெர்ட்ஸ் தள்ளி வைப்பதற்குக் காரணம், கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸிலிருந்து ஒலிபரப்பாகும் நேரக்குறி நிலையமான டபிள்யூடபிள்யூவி தன் கேரியரின் மேல் 500, 600 ஹெர்ட்ஸ் ஒலிகளை அனுப்புகிறது. குறி அங்கே விழுந்தால் இரண்டும் கலந்துவிடும்.

டபிள்யூடபிள்யூவியின் 15 மெகாஹெர்ட்ஸைத் தவிர்ப்பது நல்லது. 28.8 மெகாஹெர்ட்ஸில் மாதிரி எடுக்கும் கருவிக்கு அதன் பாதியான 14.4-க்கு மேலுள்ளவை கீழே மடங்கி விழும்: 15-ம் 13.8-ம் ஒன்றாகவே தெரியும், 13.8-இல் இருப்பதோ சிற்றலை ஒலிபரப்புக் கூட்டம். 5, 10 மெகாஹெர்ட்ஸிலோ ஒட்டாவாவின் நேரக்குறி நிலையமான சிஎச்யூ ஒலிபரப்பும் 7.850-இலோ இந்தத் தொல்லை குறைவு. அடுத்த பதிப்பான வி4 டாங்கிளில் அப்கன்வெர்ட்டர் (அதிர்வெண்ணை மேலுயர்த்தும் பகுதி) இருப்பதால் இந்த மடிப்பு இல்லை, கெயினையும் மாற்றலாம். அதற்கென்று தனி டிரைவர் நிறுவ வேண்டும்.

மென்பொருளை மேல்பக்கப் பட்டைக்கு (அப்பர் சைட்பேண்ட்) மாற்றி 9.999 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் கேரியர் 1000 ஹெர்ட்ஸ் ஒலியாகவும் குறி 1800 ஹெர்ட்ஸிலும் கேட்கும். 0.1 ஹெர்ட்ஸைப் பிரித்துக் காண ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் எஃப்எஃப்டி கணக்கின் சாளரம் 10 வினாடியாவது இருக்க வேண்டும். நொடிக்கு 1.024 மெகா மாதிரிகள் என்ற வேகத்தில் 8 பிட் ஐக்யூ (மூல சிக்னல்) பதிவு மணிக்கு 7.4 ஜிபி தின்னும். எஃப்ஏடி32 வட்டில் 35 நிமிடத்திலேயே 4 ஜிபி வரம்பில் முட்டி நிற்கும். டாப்ளர் (அதிர்வெண் நகர்வு) மட்டும் போதுமென்றால் 8 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஒலிக்கோப்பு மணிக்கு 58 எம்பிக்குள் அடங்கும்.

கிரகணம் நிகழ்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் கேட்பவரின் தலைக்கு மேல் அல்ல, நிலையத்திலிருந்து வரும் அலைப்பாதையின் நடுப்புள்ளியில். ஒரே துள்ளலில் வரும் அலை அங்கேதான் திரும்புகிறது. சூரியன் 45 பாகையில் இருந்தால் 300 கிலோமீட்டர் உயரத்தில் நிழல், தரையில் விழும் இடத்திலிருந்து சூரியன் இருக்கும் பக்கமாக 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும். எஃப்2-வில் எலக்ட்ரான் இழப்பு மெதுவானது. அடர்த்தியின் தாழ்நிலை, கிரகண உச்சத்துக்குப் பல நிமிடங்கள் கழித்தே வரும். முன்தினமும் மறுதினமும் அதே நேரத்தில் பதிவுசெய்து, சூரிய எக்ஸ்-கதிர் அளவுகளோடு ஒப்பிடுங்கள். நடுவில் சூரியச் சுடர் ஒன்று வெடித்தால் டி அடுக்கு மெலிவதற்குப் பதில் தடித்துவிடும். 2026 ஆகஸ்ட் 12 முழுக் கிரகணம் ஸ்பெயினைத் தொடுவது அந்தி நேரத்தில். அங்கே வழக்கமான மாலை மாற்றத்தையும் கிரகணத்தையும் பிரித்தறிய இந்த ஒப்பீட்டு நாட்கள் இல்லாமல் முடியாது. 2027 ஆகஸ்ட் 2 கிரகணம் எகிப்தை உச்சிவெயிலில் கடப்பதால் அந்தக் குழப்பம் அங்கே இல்லை.