டெல்லி கனகாம்பரம் பைச்செடி: பூவுக்கு முழு மார்க், பை மண்ணுக்கு இல்லை

பாளையங்கோட்டைப் பக்கம் நர்சரிகளில் கறுப்புப் பையில் கிடைக்கும் டெல்லி கனகாம்பரத்தை நம்பி வாங்கலாம். ஆனால் வேரைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

இது டிரிப்ளாய்டு (மூன்று தொகுதி குரோமோசோம் உள்ள) ரகம், விதை பிடிக்காது. தண்டைக் குச்சியாக வெட்டி வேர்விட வைத்தே பெருக்க வேண்டும். விலை கூடுதலாக இருப்பதற்கு அதுதான் காரணம், கொடுக்கலாம். நாட்டுக் கனகாம்பரத்தைவிடப் பூ அகலம், நிறமும் அடர்த்தி. நாட்டு ரகத்துக்கு இந்தச் செலவே இல்லை. காய்ந்த கதிரில் ஈரம் பட்டதும் காய் வெடித்து விதை தெறிக்கும், தொட்டியைச் சுற்றித் தானே முளைக்கும்.

குறை எல்லாம் பை மண்ணில்தான். பழைய பாத்தி மண்ணை அள்ளி நிரப்பியிருந்தால் நூற்புழுவும் (வேரைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்புழு) கூடவே வீட்டுக்கு வந்துவிடும். கனகாம்பரத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. பையின் ஓரத்தைக் கிழித்து, வேர் நுனியைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வெள்ளையாக, சீராக இருந்தால் நல்லது. சிறு மணிகள் கோத்ததுபோல் முடிச்சு இருந்தாலோ, கருத்த திட்டு தெரிந்தாலோ வேண்டாம். அப்படிப்பட்ட செடி இலை சிறுத்து, தண்ணீர் விட்டும் மதியத்தில் துவளும். நூற்புழு துளைத்த வேரில் வாடல் நோய் சுலபமாக ஏறும்; அதற்குப் பிறகு செடி பிழைப்பது கஷ்டம்.

12 அங்குலத் தொட்டிக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய சாணம் ஒன்று, வேப்பம்புண்ணாக்கு 50 கிராம். தண்டின் அடிப்பாகம் மண்ணுக்குள் புதையக் கூடாது. தரையில் நட்டால் பக்கத்தில் கேந்தி (செண்டுமல்லி) செடி வையுங்கள், நூற்புழு ஓரளவு கட்டுப்படும். நம்ம ஊரில் ஆனி, ஆடிக் காற்று இளஞ்செடியைக் காய வைத்துவிடும். ஆவணி கடைசியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். மழைத் தண்ணீர் நிற்கும் இடமானால் ஒரு முழ உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள்.

உப்பான போர் தண்ணீரே ஊற்றிவந்தால் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறை. அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அப்போதே, சாயங்காலம் இலைமேல் தெளியுங்கள். கரைசலை மறுநாளுக்கு வைத்தால் துருநிறமாகிப் பயன்படாது.

பூ கீழிருந்து மேலாக விரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் பறித்து, கதிர் முடிந்ததும் காம்போடு கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்து அடுத்த கதிர் வரும்.