துவக்குக் கட்டைக்கு மரம் தேடிப் போன மரக்காலை

போன வருடம் எங்கள் ஊரில், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைப் பற்றிய நாடகத்தில், வெள்ளைக்காரச் சிப்பாயாக நடித்த பெடியன் துவக்கை, அதாவது துப்பாக்கியை, தரையில் ஊன்றி விறைப்பாக நின்றான். ‘டக்’ என்று ஒரு சத்தம். கை பிடிக்கிற கழுத்தடியில் துவக்கு இரண்டாக முறிந்து, அடிக்கட்டை உருண்டு போய்ப் பண்டாரவன்னியனின் காலடியில் விழுந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தத் துவக்கைச் செய்தவன் நான். நாற்பது வருடம் ஓடாவியாக, மரத்தச்சு வேலை பார்த்தவன்.

அது நல்ல தேக்கு. வீட்டில் காய்ந்து கிடந்த துண்டு. தேக்குத்தானே என்ற எண்ணத்தில், நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் வெட்டிவிட்டேன். கழுத்து வளைகிற இடத்தில் நார் குறுக்கே போயிருந்தது. அப்படிக் குறுக்கே போனால் தேக்கென்ன, பாலையென்ன, ரஸ்க் மாதிரித்தான் உடையும்.

இந்த முறை ஒழுங்காகச் செய்வது என்று முடிவெடுத்தேன். முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டாரவன்னியன் தாக்கியதும், கச்சிலைமடுவில் பிரித்தானிய அதிகாரி டிறிபேர்க்கின் படையிடம் தோற்றதும் 1803இல். அந்த நாளில் பிரித்தானியச் சிப்பாய்கள் வைத்திருந்தது வாய்வழியாக மருந்து இடிக்கிற ‘பிரவுண் பெஸ்’ துவக்கு. அதன் இந்திய வகைக்குக் குழல் மட்டும் 39 அங்குலம், முழு நீளம் ஏறக்குறைய 55 அங்குலம். நான் செய்வது சுடாத துவக்கு. குழலுக்குத் தண்ணீர்க் குழாயை வைத்து, உள்ளே சீமெந்து அடைத்துவிடுவேன். ஆனால் கட்டை மட்டும் அசலைப்போல் ஒரே மரத்தில் வரவேண்டும். அதற்கு 5 அடிக்குக் குறையாத நீளமும், அடிப்பக்கம் 7 அங்குல அகலமும், சீவிய பிறகு 2 அங்குலம் மிஞ்சுகிற தடிப்பும் வேண்டும்.

மரக்காலை என்றால் மரம் அறுத்து விற்கிற இடம். முதலில் போன மரக்காலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பலகையைப் புரட்டிப் பார்க்க விடமாட்டார்கள். மேலே கிடப்பதை எடு, இல்லையென்றால் போ. “நல்லாக் காஞ்சது” என்று காட்டிய பலகையில் நகத்தை அழுத்தினேன், ஈரம் தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாவது, முள்ளியவளைப் பக்கம் உள்ள ஒரு சின்ன மரக்காலை. தகரக் கொட்டில், ஒரு நாடாவாள், வாசலில் யாரைக் கண்டாலும் குரைக்கிற கறுப்பு நாய். முதலாளிக்கு என் மகனின் வயதுதான் இருக்கும். என்ன தேவை என்று சொன்னதும் அவரும் மற்ற எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னார்: “துவக்குக்கெண்டால் முதிரைதான் ஐயா.”

வன்னியில் முதிரை என்றால் அதற்கு மேல் கதை இல்லை. கதவு, நிலை, கட்டில் என்று எதற்கும் அதுதான். ஆனால் இந்த வேலைக்கு நான் அதை எடுக்கமாட்டேன். முதிரையின் நார் ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னி ஓடும். சீவுளி போட்டால் ஒரு பக்கம் பளபளப்பாக வரும், அடுத்த அங்குலத்தில் பிய்ந்து எழும்பும். துவக்குக் கட்டையில் குழல் படுக்க ஒரு பள்ளம், அதன் கீழே இடிகோல் போக இன்னொரு பள்ளம் தோண்ட வேண்டும். கடைசியில் ஓரச் சுவர் அரைக்கால் அங்குலம் அளவுக்கு மெலிந்துவிடும். அந்த இடத்தில் முதிரை சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அதன் தூள் பட்டாலே எனக்கு முழங்கை வரை கடிக்கும், அது வேறு கதை. பாரமும் ஒரு பிரச்சினை. தூக்கி நடக்கப் போகிறவன் உயர்தரம் படிக்கிற மெலிந்த பெடியன். பாலை இன்னும் மோசம், தண்ணீரில் போட்டால் தாழுகிற மரம். மகோகனி சொன்னபடி கேட்கும், ஆனால் ஊன்றி ஊன்றி அடிப்பக்கம் நசிந்துவிடும்.

இங்கிலாந்தில் இதற்கு வால்நட் மரம் எடுத்தார்கள், அமெரிக்காவில் மேப்பிள். இரண்டும் நடுத்தரப் பாரம், அடியைத் தாங்கும், உளிக்கு இணங்கும். எங்கள் பக்கத்தில் அந்தக் குணத்துக்குக் கிட்ட வருவது பூவரசு. என்னுடைய அப்புவிடம் இடியன், அதாவது மருந்து இடிக்கிற நாட்டுத் துவக்கு, ஒன்று இருந்தது. அதன் கட்டை பூவரசுதான். கழுத்தில் செம்புக் கம்பி சுற்றி, கைபட்டுக் கைபட்டுக் கறுத்துப்போயிருந்தது. அதை வைத்துத்தான் நான் சொல்கிறேன்.

“பூவரசோ? அதை வேலிக் கதியாலுக்குத்தானே நடுகினம்” என்று முதலாளி சிரித்தார். சிரித்தாலும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். இந்தக் கடைக்கு நான் கொடுக்கிற முதல் புள்ளி இதற்குத்தான். பெரிய மரங்களுக்குப் பின்னால் ஒதுக்கிப் போட்டிருந்த ஆறு பூவரசம் பலகைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு இழுத்து வர ஒரு பெடியனையும் விட்டார். முகம் சுளிக்கவில்லை.

நான் ஒரு தடித்த, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் துவக்கின் உருவத்தை வெட்டிக் கொண்டு போயிருந்தேன். காட்போட் மட்டை என்றால் கீழே உள்ள நாரை மறைத்துவிடும். பலகையில் தண்ணீர் தெளித்தால் நார் கோடுகோடாகத் தெரியும். தாளை மேலே வைத்து நகர்த்திப் பார்க்க வேண்டும். குழல் படுக்கிற பகுதியில் கோடு நேராக ஓட வேண்டும், கழுத்துக்கு வந்ததும் கழுத்தோடு சேர்ந்து கீழே இறங்க வேண்டும். கழுத்தின் மேல் விளிம்பால் நுழைந்து கீழ் விளிம்பால் வெளியேறுகிற கோடு இருந்தால், மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கணு அடிக்கட்டையில் இருந்தால் பாதகமில்லை, கழுத்திலும் விசைப்பொறி பதிகிற இடத்திலும் கூடாது. வெள்ளைப் பகுதி கொஞ்சமும் வேண்டாம், உளுத்துப்போகும்.

முதல் பலகை நடுவில் கோறை. இரண்டாவது அழகோ அழகு, வைரம் நல்ல கடும் மண்ணிறம், ஆனால் கழுத்து வருகிற இடத்தில் ஒரு கணு. மூன்றாவதில் மனம் நின்றது. அப்போது முதலாளி “கொஞ்சம் பொறுங்கோ” என்று உள்ளே போய், உலோகம் காட்டுகிற சின்னக் கருவி ஒன்றை எடுத்து வந்து பலகையின் மேல் ஓட்டினார். நடுப்பகுதியில் கத்தியது. உற்றுப் பார்த்தால், நார் நடுவே கருநீலமாக ஒரு கறை. இரும்பு உள்ளே இருந்தால் மரம் அப்படிக் கறுக்கும். “செல் துண்டு” என்றார், போரில் வெடித்த எறிகணையின் சிதறல். “எங்கடை மரமெல்லாம் இரும்பு திண்ட மரம். இதை வாங்கமுதல் வாள் எத்தினை போச்சுது தெரியுமே?” 2009இல் போர் முடியமுன்னால் நின்ற மரம் எதை வாங்கினாலும் வன்னியில் இந்தச் சோதனை வேண்டும். தானாகவே செய்து காட்டிய கடையை நான் வேறு எங்கும் காணவில்லை. அந்தப் பலகை எனக்கு விற்றுப்போயிருக்க வேண்டியது. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் என் உளிதான் கண்டுபிடித்திருக்கும். விளையாட்டுத் துவக்குக்குள் உண்மையான செல் துண்டு. சிரிப்பதா என்று தெரியவில்லை, இருவரும் பேசாமல் நின்றோம்.

கடைசியில் எடுத்தது ஆறாவது பலகை. அதை ஏன் ஒதுக்கினார்கள் என்றால், மரம் வேர்ப்பக்கம் வளைந்திருந்ததாம். எனக்கு அந்த வளைவே போதும். துவக்கின் அடி இறங்குகிற அதே போக்கில் நாரும் இறங்கியிருந்தது. தாளை வைத்ததும் மரத்துக்கென்றே வெட்டியது போல உட்கார்ந்தது. 62 அங்குலத்துக்கு அறுத்து, அறுகூலியோடு 3,800 ரூபாய். அதே அளவு முதிரைக்கு அவர் சொன்ன விலை மூன்று மடங்குக்கு மேல்.

குறைகளும் சொல்ல வேண்டும். இரண்டரை அங்குலம் என்று சொன்ன பலகை, அளந்தால் இரண்டேகால்தான். நான் தப்பிவிட்டேன், சரியாக இரண்டரை தேவைப்பட்டவர் மாட்டிக்கொள்வார். அளவு நாடாவைக் கையோடு கொண்டு போங்கள். பலகைகளின் முனைகளுக்குப் பெயின்றோ மெழுகோ பூசுவதில்லை. அதனால் என் பலகையிலும் ஒரு முனையில் மூன்று விரற்கடை வெடிப்பு, அதை வெட்டி எறிந்தேன். காய்ந்து எவ்வளவு காலம் என்று கேட்டால் “ஒரு வருசம் இருக்கும்” என்பார். அது போதாது. ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு, இதற்கு இரண்டு வருடத்துக்கு மேல் வேண்டும். வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று நிறுத்தேன், 14.1 கிலோ. முனைகளுக்கு மெழுகு உருக்கிப் பூசி, வெயில் படாமல் கொட்டில் வளையில் போட்டேன். ஒரு மாதத்தில் 13.4, அடுத்த மாதம் 13.2. பாரம் இறங்குவது நிற்கும் வரை உளி வைக்கமாட்டேன். நாடகத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

பில் கேட்காமலே எழுதித் தந்தார், வழியில் மறித்தால் காட்டச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: வெட்டிய பிறகு துவக்கு உருவத்தில் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகாதேயுங்கோ, சாக்கால் சுற்றுங்கோ. இந்த ஊரில் வேண்டிய புத்திதான்.

போகிறவர்கள் காலையில் எட்டு மணிக்கே போங்கள். பத்து மணிக்கு மேல் வாள் ஓடத் தொடங்கினால் முதலாளியோடு கதைக்க முடியாது. நாய்க்கு இரண்டு பிஸ்கட் கொண்டு போனால் நல்லது.