32 எம்பி காட்டுதுன்னு சொல்லி 1 டிபி டிஸ்க்க செத்துப்போச்சுன்னுட்டாவ, நம்ம ஊர்க்காரங்க பாத்து இருங்க

பாளையங்கோட்டைல எங்க சித்தப்பா ஸ்டூடியோ வச்சிருக்காவ. கரண்ட் போய் வந்த பொறவு கம்ப்யூட்டர் பூட் ஆகலைன்னு ஜங்ஷன் பக்கம் ஒரு சர்வீஸ் கடைல குடுத்தாவ. கடைக்காரர் "அண்ணாச்சி, டிஸ்க் செத்துப்போச்சு, 32 எம்பிதான் காட்டுது, சென்னைக்கு அனுப்பி ரெக்கவரி பண்ணணும், எட்டாயிரம் ஆவும்"னு சொல்லி ரெண்டாயிரம் அட்வான்ஸும் வாங்கிட்டாரு, பில் கிடையாது. உள்ள இருக்கது பூரா ஊர்க்காரங்க கல்யாண போட்டோ, ஆல்பம் இன்னும் பிரிண்ட் போகாதது, சித்தப்பா சோறே இறங்காம இருந்தாவ.

நான் போய் டிஸ்க்க மட்டும் குடுங்கன்னு கேட்டேன், ஓப்பன் பண்ணியாச்சு அது இதுன்னு இழுத்தாரு. விடாம நின்னு வாங்கிட்டு வந்தேன், பாத்தா ஸ்குரூ ஒண்ணுகூட கழட்டல.

வீட்டுல நேரா சாட்டா கேபிள்ல மாட்டி (யுஎஸ்பி பாக்ஸ்ல போட்டா நெறைய நேரம் டிஸ்க்கோட அளவு கேக்குத கமாண்டு போய்ச் சேராது) லினக்ஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி டிஸ்க்கோட அளவு காட்டுத, மாத்துத ஹெச்டிபார்ம் (hdparm) கமாண்டுல மைனஸ் பெரிய என் (-N) போட்டுப் பாத்தேன். தெரியுத செக்டர் (டிஸ்க்கோட 512 பைட் துண்டு) 65 ஆயிரத்துச் சொச்சம், டிஸ்க்கோட நெச அளவு 1953525168, பக்கத்துலயே ஹெச்பிஏ எனேபிள்டுன்னு இருக்கு. அந்த பெரிய நம்பர 512ஆல பெருக்குனா 1 டிபி சரியா வருது. டிஸ்க் தன்னோட கோளாற தானே குறிச்சு வைக்க ஸ்மார்ட் ரிப்போர்ட்லயும் ஒரு செக்டர்கூட கெடல. எங்க செத்துச்சு?

ஹெச்பிஏங்கது டிஸ்க்கோட கடைசில ஓஎஸ் கண்ணுக்குத் தெரியாம ஒதுக்கி வைக்க எடம், ஏடிஏ-4 காலத்துல இருந்தே இருக்கு, லேப்டாப் கம்பெனிக்காரங்க முன்ன விண்டோஸ திரும்பப் போடுத ரெக்கவரி ஃபைல அதுக்குள்ள வச்சிருந்தாங்க. சில பழைய மதர்போர்டுல பயாஸ் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் மொதல்ல ஓடுத புரோகிராம்) தன்னோட காப்பிய டிஸ்க்கோட கடைசில எழுதி வைக்கும், அதுக்கு ஹெச்பிஏ ஒதுக்கையில கணக்கு தப்பி டிஸ்க்க 32 எம்பியா வெட்டிரும். டேட்டா அப்பிடியே கெடக்கும், அளவு மட்டும்தான் மறைஞ்சிருக்கும்.

மறைவிடத்த கண்டுக்காதன்னு லினக்ஸ் பூட் ஆப்ஷன்லயே குடுத்து மொதல்ல போட்டோ பூரா வேற டிஸ்க்குக்கு காப்பி எடுத்தோம். அதுக்குப் பொறவுதான் ஹெச்டிபார்ம்ல அந்த பெரிய நம்பருக்கு முன்ன பி (p) போட்டு நிரந்தரமா மாத்துனேன், பி இல்லாட்டா பவர் ஆஃப் பண்ணதும் பழையபடி ஆயிரும். அதே போர்டுல சும்மா மாட்டுனா திரும்ப வெட்டும்னு பயாஸையும் அப்டேட் பண்ணிட்டுதான் மாட்டுனோம். எல்லா கல்யாணமும் பத்திரமா இருக்கு.

உங்களுக்கும் இப்பிடி திடீர்னு அளவு கொறஞ்சு காட்டுனா விண்டோஸ் இனிஷியலைஸ் பண்ணவா, ஃபார்மேட் பண்ணவான்னு கேக்கும், தயவுசெஞ்சு எதையும் அமுக்காதீங்க. ஆனா 1 டிபிக்கு 931 ஜிபி காட்டுதேன்னு பயப்படாதீங்க, அது விண்டோஸ் எண்ணுத முறை, எல்லாருக்கும் அப்பிடித்தான்.

தெரியாமத்தான் சொன்னாருன்னே வச்சுக்கிட்டாலும் பாக்காத டிஸ்க்குக்கு எட்டாயிரம் சொன்னதும் ஓப்பன் பண்ணியாச்சுன்னதும் அநியாயம். அட்வான்ஸ் கேட்டா "செக்கிங் சார்ஜ் அண்ணாச்சி"ங்காரு. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல சொல்லலாம்னு இருக்கோம், பில் இல்ல, ஜிபேல அனுப்புன ஸ்க்ரீன்ஷாட் மட்டும் கைல இருக்கு.