ஆப்டோகப்ளரா, டிஜிட்டல் ஐசொலேட்டரா: என் தேர்வு 6என்137

ஒரு மில்லில் நாலு விஎஃப்டி-களிலிருந்து (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்கள்) மோட்பஸ் என்ற தகவல் முறை வழியாக ரீடிங் எடுக்க ஒரு போர்டு செய்து கொடுத்தேன். முதல் போர்டில் ஐசொலேஷன், அதாவது இரண்டு பக்கத்தையும் மின்தொடர்பு இல்லாமல் பிரிக்கும் ஏற்பாடு, வைக்கவில்லை. பெரிய மோட்டார் கிளம்பியபோது இரண்டு பேனல்களின் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் ஏறி, லைனை ஓட்டும் ஆர்எஸ்-485 சிப்போடு போர்டின் மூளையான இஎஸ்பி32-உம் போய்விட்டது. ஆர்எஸ்-485 தாங்கும் எல்லை மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான். அதன் பிறகுதான் பிசி817, 6என்137 என்ற இரண்டு ஆப்டோகப்ளர்கள் (எல்இடி ஒளியால் சிக்னலைக் கடத்துபவை), டிஜிட்டல் ஐசொலேட்டர் என மூன்று வழிகளையும் மேஜையில் போட்டுப் பார்த்தேன்.

பிசி817 மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஸ்டார்ட், ஸ்டாப் சிக்னலுக்கு இது போதும், டேட்டாவுக்கு வேண்டாம். வெளியீட்டில் 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் போட்டு 19200 பாடில் (நொடிக்கு அத்தனை பிட்) ஓட்டினேன். செங்குத்தாக ஏற வேண்டிய அலை, ஸ்கோப்பில் மணல்மேடு போலச் சரிந்து நின்றது. ஒரு பிட்டுக்குக் கிடைப்பதே 52 மைக்ரோசெகண்ட். உள்ளே ஒளியை வாங்கும் ஃபோட்டோடிரான்சிஸ்டர் அணைவதற்கே அதில் பெரும்பங்கு போய்விடுகிறது.

ஏடியூஎம்1201 போன்ற டிஜிட்டல் ஐசொலேட்டரில் எல்இடி கிடையாது. உள்ளே இருக்கும் குட்டிச் சுருள்கள் காந்தப்புலம் வழியாக சிக்னலைக் கடத்துகின்றன. வேகம் அதிகம், கரண்ட் குறைவு. டேட்டாஷீட்டை மட்டும் பார்த்தால் இதுதான் ஜெயிக்கும்.

ஆனாலும் நான் பிசி817-ஐ விட வேகமான 6என்137-ஐ எடுத்தேன். காரணம் ரிப்பேர். அது எட்டுக் கால் டிஐபி-யாகக் கிடைக்கிறது, ஐசி பேஸில் செருகிவிடலாம். சர்ஜில் (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தில்) போனால் மில் எலக்ட்ரீஷியனே மெயினை அணைத்து, சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துப் புதிதைச் செருகிவிடுவார். சால்டரிங் வேண்டாம், நானும் போக வேண்டாம். சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்து 2, 3-ஆம் கால்களைத் தொட்டால் போதும். 1.2, 1.3 வோல்ட் போலக் காட்டினால் எல்இடி உயிரோடு இருக்கிறது. வெளியீட்டுப் பக்கத்தை இப்படிச் சோதிக்க முடியாது, மாற்றித்தான் பார்க்க வேண்டும். டிஜிட்டல் ஐசொலேட்டரோ எஸ்எம்டி, போர்டின் மேலேயே சால்டர் ஆகும் வகை. ஹாட் ஏர் இல்லாத இடத்தில் போர்டையே கழற்றி அனுப்ப வேண்டியதுதான்.

எல்இடி நாளாக ஆக மங்கும் என்பது உண்மை. அதற்காக டேட்டா லைனில் ஆனோடை ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டிலும், கேத்தோடை டிஎக்ஸ் (டேட்டா அனுப்பும்) பின்னிலும் கொடுத்தேன். லைன் சும்மா இருக்கும்போது எல்இடி அணைந்தே இருக்கும், பிட் பூஜ்யமாகும்போது மட்டும் எரியும். இரண்டு வருஷமாக ஓடுகிறது. பத்து வருஷம் தாங்குமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. டிஜிட்டல் ஐசொலேட்டரையும் இரண்டே போர்டுகளில்தான் போட்டிருக்கிறேன்.

எதை எடுத்தாலும் பஸ் (ஆர்எஸ்-485 லைன்) பக்கத்துக்குத் தனி ஐசொலேட்டட் டிசி-டிசி கன்வெர்ட்டர் வையுங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே எஸ்எம்பிஎஸ், ஒரே கிரவுண்ட் என்றால் ஆப்டோ போட்டும் போடாதது மாதிரிதான்.

சிப்புகளுக்கு இடையே டேட்டா கடத்தும் எஸ்பிஐ போல மெகாஹெர்ட்ஸ் வேகம் என்றாலோ, பேட்டரியில் ஓடும் கருவி என்றாலோ நானும் யோசிக்காமல் டிஜிட்டல் ஐசொலேட்டரைத்தான் எடுப்பேன்.