ஃபுல் பிரிட்ஜ் என்று சொல்லி புஷ்-புல்லைத் தலையில் கட்டுகிறார்கள்: 3 கிலோவாட் கன்வெர்ட்டர் வாங்குவோர் கவனத்துக்கு

48 வோல்ட் பேட்டரியிலிருந்து 380 வோல்ட் டிசி எடுக்க, 3 கிலோவாட் ஐசொலேட்டட் (இன்புட்டையும் அவுட்புட்டையும் டிரான்ஸ்ஃபார்மர் பிரித்து வைக்கும்) கன்வெர்ட்டர். கொட்டேஷனில் 'ஃபுல் பிரிட்ஜ்' (டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியை நான்கு சுவிட்சுகளால் இயக்கும் சர்க்யூட்) என்று எழுதிக் கொடுத்தார்கள். வந்தது புஷ்-புல், அதாவது நடுவில் முனை எடுத்த பிரைமரியை இரண்டே சுவிட்சுகள் மாறி மாறி இயக்கும் சர்க்யூட். 48 வோல்ட் பெஞ்ச் சப்ளையில் (சோதனை மேஜை பவர் சப்ளையில்) பாதி லோடு ஓட்டிக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். பேட்டரி பூஸ்ட் சார்ஜில் 57.6 வோல்ட்டைத் தொட்டதும் மாஸ்ஃபெட் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்), அவுட்புட் டயோடு இரண்டும் போயின. கேட்டால், "உங்க பேட்டரி வோல்டேஜ் ஏறிடுச்சு சார், வாரண்டி வராது" என்றார்கள். 42 முதல் 58 வோல்ட் வரை என்று ஆர்டரிலேயே இருக்கிறது.

புஷ்-புல்லில், ஆஃப் ஆகியிருக்கும் மாஸ்ஃபெட் இன்புட்டைப் போல இரு மடங்கு வோல்டேஜைத் தாங்க வேண்டும். 57.6-க்கு 115 வோல்ட். போட்டிருந்ததோ 150 வோல்ட் ஐஆர்எஃப்பி 4115. மிச்சமுள்ள 35 வோல்ட்டுக்குள் லீக்கேஜ் ஸ்பைக் (டிரான்ஸ்ஃபார்மரின் லீக்கேஜ் இண்டக்டன்ஸால், மாஸ்ஃபெட் ஆஃப் ஆகும்போது எழும் வோல்டேஜ் உச்சம்) அடங்க வேண்டும். 42 வோல்ட், முழு லோடில் பிரைமரி கரண்ட் சுமார் 85 ஆம்பியர். லீக்கேஜ் வெறும் 0.2 மைக்ரோஹென்றி என்றாலும், 50 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 36 வாட் ஸ்னப்பரில் (ஸ்பைக்கை அடக்கும் சர்க்யூட்டில்) வெந்து போகும். ஃபுல் பிரிட்ஜில் அதே எனர்ஜி பாடி டயோடு (மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இருக்கும் டயோடு) வழியாக இன்புட் கெபாசிட்டருக்கே திரும்பிவிடும்.

"பிரிட்ஜில் கரண்ட் இரண்டு மாஸ்ஃபெட்டைத் தாண்ட வேண்டும், லாஸ் அதிகம்" என்று சமாளிப்பார்கள். நம்பாதீர்கள். பிரிட்ஜில் 100 வோல்ட் மாஸ்ஃபெட் போதும். ஐஆர்எஃப்பி 4110 ஆன் ரெசிஸ்டன்ஸ் அதிகபட்சம் 4.5 மில்லிஓம், இரண்டு சேர்ந்தாலும் 9. ஒற்றை 4115 மட்டுமே 11.

டயோடு விஷயம் இன்னும் மோசம். 42 வோல்ட்டிலும் 380 கிடைக்க டர்ன்ஸ் ரேஷியோ (பிரைமரி, செகண்டரி சுற்றுகளின் விகிதம்) 1:11 வேண்டும். அப்போது 57.6-ல் செகண்டரியில் 634 வோல்ட், அதற்கு மேல் ரிங்கிங் (சுவிட்ச் மாறும்போது எழும் அலைவு). போர்டில் இருந்தது 600 வோல்ட் எம்யூஆர் 1560. 1200 வோல்ட் சிலிக்கான் கார்பைடு டயோடு போட வேண்டிய இடம் அது. 48 வோல்ட்டில் 528-தான் வருவதால் பெஞ்சில் எதுவும் தெரியவில்லை.

12, 24 வோல்ட் இன்புட்டில், ஒரு கிலோவாட்டுக்குள், புஷ்-புல் நல்ல தேர்வுதான். ஏமாற்று, பெயரை மாற்றி விற்றதில் இருக்கிறது.

கருப்பு பாட்டிங் (போர்டை மூடும் பிசின்) ஊற்றுவதற்கு முன் போர்டின் போட்டோ கேளுங்கள். பிரைமரியில் மூன்று முனை இருந்தால் சென்டர் டேப், அதாவது புஷ்-புல். ஃபுல் பிரிட்ஜுக்கு நான்கு மாஸ்ஃபெட் குழுக்களும், ஹை-சைடுக்கு (இன்புட் பிளஸ் பக்க மாஸ்ஃபெட்டுகளுக்கு) ஐஆர் 2110 மாதிரி டிரைவரோ கேட் டிரான்ஸ்ஃபார்மரோ கட்டாயம் இருக்கும். எஸ்ஜி 3525 கன்ட்ரோலர் ஐசியிலிருந்து நேராக மாஸ்ஃபெட்டின் கேட் முனைக்கு வயர் போனால் சந்தேகப்படுங்கள். அந்த ஐசி வோல்டேஜ் மோடு, அதாவது பிரைமரி கரண்டைப் பார்க்காமல் அவுட்புட் வோல்டேஜை வைத்தே இயக்கும். இரு பக்கமும் சற்றுப் பொருந்தாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரின் ஃபிளக்ஸ் (காந்தப் பாய்வு) ஒரு பக்கமாக ஏறி கோர் சாச்சுரேட் ஆகும், அதற்கு மேல் காந்தம் ஏற்க முடியாது. சென்டர் டேப் இருப்பதால் பிளாக்கிங் கெபாசிட்டர் (டிசியைத் தடுப்பது) போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. யூசி 3846 போன்ற கரண்ட் மோடு கன்ட்ரோலர் வேண்டும்.

அடுத்து "எல்எல்சி, 98 சதவீதம்" என்று, ரெசொனன்ஸில் இயங்கும் வகையின் எஃபிஷியன்சியைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். அது ரெசொனன்ஸ் புள்ளியில் எடுத்த அளவாக இருக்கும். 42-லும் 58-லும் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய சோதனைகள்: 42 வோல்ட்டில் முழு லோடு ஒரு மணி நேரம். 58 வோல்ட்டில் லோடை 10 சதவீதத்திலிருந்து 100-க்கும், திரும்ப 10-க்கும் சட்டென மாற்றி ஒரு சோதனை. ஸ்கோப்பில் மாஸ்ஃபெட்டின் டிரெயின் முனை உச்ச வோல்டேஜும் டயோடு உச்ச வோல்டேஜும் ரேட்டிங்கில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தப் படங்கள் கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.