வீடியோவா, சிமுலேஷனா, காகித மைக்ரோஸ்கோப்பா?

பிள்ளை வீட்டில் அறிவியல் கற்க இந்த மூன்றில் எது நல்லது? எது அதிக மதிப்பெண் வாங்கித் தரும் என்று பார்ப்பவர்களுக்கு இந்த அலசல் உதவாது. பாடம் முடிந்த பிறகும் பிள்ளை "அப்போ இப்படிப் பண்ணா என்ன ஆகும்?" என்று நோண்டிக்கொண்டே இருக்கிறதா? நான் பார்ப்பது அதை மட்டும்தான்.

முதலில் வீடியோ. 2018-ல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு உண்டு; மத்திய அரசின் திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் பாட வீடியோ ஓடும். மறுவருடமே கல்வித் தொலைக்காட்சியும் வந்துவிட்டது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு இது பெரிய துணை. புரியாத இடத்தில் நிறுத்தி எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம், அலுத்துக்கொள்ள ஆள் இல்லை. இதயத்தின் வால்வு எப்படித் திறந்து மூடுகிறது என்பதை வேறு எப்படித்தான் காட்டுவது?

ஆனால் வீடியோவில் கேள்வியும் அதனுடையது, பதிலும் அதனுடையது. 2011-ல் எலிசபெத் போனவிட்ஸ், லாரா ஷுல்ஸ் முதலானோர் அமெரிக்காவில் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. பல வித்தைகள் ஒளிந்திருக்கும் ஒரு பொம்மையைச் சிறு குழந்தைகளிடம் கொடுத்தார்கள். "இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று ஒரு வித்தையை மட்டும் முறையாகச் சொல்லிக்கொடுத்த குழந்தைகள், அதையே செய்துவிட்டுச் சீக்கிரம் ஓய்ந்துபோனார்கள். தற்செயலாக நடந்ததுபோல அதே வித்தையைப் பார்த்த குழந்தைகள் அதிக நேரம் விளையாடி, மற்றவற்றையும் கண்டுபிடித்தார்கள். அங்கே சொல்லிக்கொடுத்தது மனிதர்தான், திரை இல்லை. ஆனாலும் முழுப் பாடத்தையும் அழகாகச் சொல்லி முடித்துவிடும் வீடியோவுக்கு இது இன்னும் பொருந்தும் என்பது என் கணிப்பு.

அடுத்து சிமுலேஷன், அதாவது திரையில் நாமே மாற்றி மாற்றிப் பார்க்கும் மாதிரிச் சோதனை. நோபல் பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' என்ற சிமுலேஷன் தளம் இலவசம். அதிலுள்ள மின்சுற்றுப் பெட்டியைத் திறந்தால் பேட்டரி, பல்பு, வயர் எல்லாம் சும்மா கிடக்கும். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாணயம், பென்சில், அழிப்பான், ஏன், ஒரு நாயைக்கூடச் சுற்றில் கோக்கலாம். பேட்டரியின் இரு முனைகளையும் நேராக இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். பிள்ளைகள் அந்தத் தீயை மறுபடி மறுபடி வரவழைப்பார்கள். வரவழைக்கட்டும், ஷார்ட் சர்க்யூட் என்றால் என்ன என்பது அங்கேதான் உறைக்கும். படிப்படியாகக் கட்டளை கொடுத்தால் மாணவர்கள் அதை மட்டும் செய்துவிட்டு நிறுத்துகிறார்கள், ஒரு நல்ல கேள்வியோடு விட்டுவிட்டால் தாங்களே தேடுகிறார்கள் என்று ஃபெட் குழுவே 2008-ல் எழுதியிருக்கிறது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து "அதை இழு, இதை வை" என்று சொல்லாமல் இருப்பது பெற்றோரின் வேலை. கஷ்டம்தான்.

குறை என்னவென்றால், செய்தவர்கள் போட்டுவைத்ததற்கு மேல் அந்த உலகத்தில் எதுவும் இல்லை. எலுமிச்சம்பழத்தைச் செருகிப் பார்க்க ஆசை வந்தால் அடுக்களைக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாவது ஃபோல்ட்ஸ்கோப்பில் அந்தக் குறை இல்லை. கான்பூர் ஐஐடியில் படித்த மனு பிரகாஷ், ஜிம் சிபுல்ஸ்கியுடன் சேர்ந்து ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய, மடித்துச் செய்யும் காகித மைக்ரோஸ்கோப் அது. சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். வெங்காயத் தோல், கொசு இறகு, குட்டைத் தண்ணீர் என்று எதையும் வைக்கலாம். என்ன தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. "அது என்னப்பா ஓடுது?" என்று கேட்டால் அப்பாவும் முழிக்க வேண்டியதுதான். ஆர்வத்துக்கு இதைவிட நல்ல உரம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஃபோகஸ் பிடிப்பதற்குள் பொறுமை போய்விடும். சிறு பிள்ளைகள் பத்து நிமிடத்தில் தூக்கிப் போட வாய்ப்புண்டு. முதல் நாள் கூட இருங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அதன் விதிப்படியே 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது கிடையாது.

என் தேர்வு சிமுலேஷனும் ஃபோல்ட்ஸ்கோப்பும். வீடியோ அவற்றுக்கு அப்புறம். நோண்டிப் பார்த்துக் குழம்பிய பிள்ளை அதே வீடியோவைப் பதில் தேடிப் பார்க்கும். வீட்டில் ஒரே போன், நெட்டும் குறைவு என்றால், ஃபெட் சிமுலேஷன்களை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமலே ஓட்டலாம்.