அரசு மானியத்தில் இயங்கும் போதை மறுவாழ்வு மையம்: ஓர் அக்காவின் மதிப்பீடு

என் தம்பி சென்ற ஆண்டு குடிப்பழக்கத்துக்காக ஒரு மாதம் தங்கிச் சிகிச்சை பெற்ற மறுவாழ்வு மையத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழகத்தின் ஒரு மாவட்டத் தலைநகரில், அரசு மானியத்தைக் கொண்டு ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் 15 படுக்கை கொண்ட மையம் அது. அங்கே சேர்ந்தவர்களின் அந்தரங்கத்தைக் கருதி அதன் பெயரை எழுதவில்லை. தங்குவதற்கோ, மருந்துக்கோ, சாப்பாட்டுக்கோ எங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலவசம்தானே என்று அலட்சியமாக நடத்துவார்களோ என்று நாங்கள் பயந்தபடி எதுவும் நடக்கவும் இல்லை.

இதற்கு முன்பு பணம் கட்டிச் சேர்க்கும் ஓர் இடத்தையும் போய்ப் பார்த்தோம். வெளியே பூட்டிய இரும்புக் கதவு, உள்ளே மருத்துவர் எப்போது வருவார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை, பதிவுச் சான்றிதழைக் கேட்டதும் பேச்சை மாற்றினார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே இத்தகைய நோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் அச்சட்டப்படி பதிவுபெற்றிருக்க வேண்டும். யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டிவைக்கக் கூடாது என்றும் அந்தச் சட்டம் தெளிவாகத் தடை செய்கிறது. மானியம் பெறும் மையத்தில் பதிவுச் சான்றிதழ் வரவேற்பறைச் சுவரிலேயே மாட்டப்பட்டிருந்தது. எனக்கு அந்த ஒரு காகிதமே பாதித் தைரியத்தைக் கொடுத்தது.

முதல் நான்கு நாட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நோயில் உயிருக்கு ஆபத்தான நேரம் பெரும்பாலும் அதுதான். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதைத் தொடர்ந்து இல்லாததைப் பார்ப்பதும் ஆள் தெரியாமல் பிதற்றுவதுமான கடுமையான நிலை உண்டாகலாம். வீட்டில் அறைக்குள் பூட்டிவைத்து நிறுத்திவிடலாம் என்று எங்கள் உறவினர்கள் சொன்ன யோசனை எவ்வளவு ஆபத்தானது என்பது அங்கே போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. இரவுப் பணியில் இருந்த செவிலியர் தம்பியை இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்ப்பார். தாள் எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கவனித்து, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சேர்த்துக் குறித்து, மருத்துவர் எழுதியபடி மாத்திரையின் அளவைச் சரிபார்ப்பார். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் ஊசி போட்டார்கள். நெடுநாள் குடித்தவர்களுக்கு அந்த வைட்டமின் குறைபாட்டால் மூளை பாதிக்கப்படாமல் இருக்கவே இந்த முறை என்று பொறுமையாக விளக்கினார்கள். ஐந்தாம் நாள் காலையில் தாள் ஆடவில்லை. தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஷேவ் பண்ணிக்கலாம் போல இருக்கு" என்றான்.

அதற்குப் பிறகு மருந்தைவிடப் பேச்சுக்குத்தான் வேலை அதிகம். எங்களுக்கு வாய்த்த ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) முப்பது வயதுகூட நிரம்பாத பெண். என் அம்மா அவரிடம், குடித்தால் குமட்டல் உண்டாக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையைத் தம்பிக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா என்று கேட்டார். அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடவே கூடாதும்மா. அவருக்குத் தெரியாம கொடுத்து, அவர் குடிச்சிட்டா உயிருக்கே ஆபத்தாயிடும். அதுக்கப்புறம் நீங்க போடுற சாப்பாட்டை அவர் எப்படி நம்புவாரு?" என்றார். இருபது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் யாரும் அம்மாவிடம் அவ்வளவு நேராகவும் அவ்வளவு அன்பாகவும் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தினருக்கென்று தனி அமர்வு உண்டு. குடியை நோயாகப் பார்ப்பது என்றால் குடிப்பவரின் தவறுகளை எல்லாம் மன்னித்துவிடுவது அல்ல என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

கட்டடம் பழையது, குளியலறை போதாது, சாப்பாடு எளிமையானது ஆனால் சூடானது. பெண்களுக்கு அங்கே இடமில்லை என்பது பெரிய குறை.

இனி நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். தம்பி வீடு திரும்பிய பிறகு மூன்றாவது முறை மறுபரிசோதனைக்குப் போனபோது அந்த ஆற்றுப்படுத்துநர் அங்கே இல்லை. மானியத் தவணை வந்து சேராததால் பல மாதங்களாகச் சம்பளம் தடைப்பட்டு, அவர் வேறு ஊரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். தம்பி அன்று பேருந்தில் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் மீண்டும் குடித்தான். ஒரு பெண் வேலையை விட்டுப் போனதுதான் அதற்கு முழுக்காரணம் என்று நான் சொல்லமாட்டேன்; இந்த நோயில் மீள்குடி அடிக்கடி நிகழ்வது. ஆனால் குடிக்க வேண்டும் என்ற வெறி வரும்போது யாருக்கு முதலில் அழைக்க வேண்டும் என்று அவன் எழுதிவைத்திருந்த தாளில் முதல் பெயர் அவருடையது.

மானியம் எப்படி வருகிறது என்பதை மையத்தின் திட்ட ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நிதி ஆண்டுதோறும் தவணைகளாக வருகிறது. முந்தைய பணத்துக்கான பயன்பாட்டுச் சான்றிதழ், தணிக்கை செய்த கணக்கு, அதிகாரிகளின் ஆய்வறிக்கை எல்லாம் சேர்ந்தால்தான் அடுத்தது நகரும். பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது மிகச் சரி. போலி மையங்கள் மானியம் வாங்குவதைத் தடுக்க ஆய்வும் வேண்டும். ஆனால் ஒரு காகிதம் தாமதமானால் வாடகையும் அரிசியும் கடனில் ஓடுகின்றன, சம்பளம் மட்டும் நின்றுவிடுகிறது. மளிகைக் கடைக்காரர் கடன் கொடுப்பார். ஆற்றுப்படுத்துநரின் வீட்டு உரிமையாளர் கொடுக்கமாட்டார். இத்தகைய மையங்கள் 15, 30, 50 எனப் படுக்கைக் கணக்கில் அனுமதிக்கப்படுகின்றன. படுக்கை நிரம்பியிருக்கிறதா என்பதை ஒரு நாள் ஆய்வில் எண்ணிவிடலாம். வீடு திரும்பியவரோடு ஓர் ஆண்டு தொடர்பில் இருந்ததை அப்படி எண்ண முடியாது. என் பார்வையில், குறைந்தது ஊழியர் சம்பளத்துக்கான பங்கை நிதியாண்டின் தொடக்கத்திலேயே விடுவித்துவிட்டு, மற்ற செலவுகளுக்குக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இது ஏன் சின்ன விஷயம் அல்ல என்பதற்கு ஒரு கணக்கு போதும். 2019இல் வெளியான எய்ம்ஸ் தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். அந்த ஒருவராக என் தம்பி இருந்தான். அவ்வளவு அரிதாகக் கிடைக்கும் சிகிச்சை, சம்பளம் வராததால் பாதியில் தளர்ந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சேர்க்க நினைப்பவர்கள் முதலில் போதை மீட்புக்கான 14446 என்ற தேசிய இலவச உதவி எண்ணில் கேட்கலாம். மனச்சோர்வோ தூக்கமின்மையோ சேர்ந்திருந்தால் 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். வெளியே வந்த பிறகு மாத்திரைகளுக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். எங்களுக்கு இன்றுவரை அங்கேதான் இலவசமாகக் கிடைக்கிறது. மையத்துக்குப் போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளையும், கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்ற விவரத்தையும் மறைக்காமல் கொண்டுபோங்கள். மருந்தின் அளவே அதைப் பொறுத்துத்தான். ஆற்றுப்படுத்துநர்கள் எத்தனை பேர், எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறார்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

தம்பி மறுபடியும் அதே மையத்துக்கு, இம்முறை தானாகவே, போனான். புதிதாக வந்திருந்த ஆற்றுப்படுத்துநர் பழைய கோப்பை எடுத்து, முந்தையவர் கைப்பட எழுதிய பதினோரு பக்கங்களையும் அவன் எதிரில் உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். நான்கு மாதங்களாக அவன் குடிக்கவில்லை. அந்தப் புதியவருக்கும் சென்ற மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.